பளிச்சென்று தெரிவது அம்மோனியா அல்ல

ஒரு ஸ்கேனைத் தவறாகப் படித்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தவறு என்னுடையது, இதில் வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண். முதலில் சம்பந்தமில்லாத பேச்சு, அப்புறம் ஓயாத தூக்கம், இரண்டாம் நாள் மாலையில் தோளைப் பிடித்து உலுக்கினாலும் கண் திறக்கவில்லை. இரவு பதினொன்றரை வாக்கில் அவருடைய மூளை எம்.ஆர்.ஐ. என் திரைக்கு வந்தது. டிஃப்யூஷன் படங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டே போனேன். காதுக்கு நேர் உள்ளே, பக்கவாட்டுப் பிளவின் அடியில் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற புறணி (மூளையின் மேற்பட்டை) மடிப்பு, இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. இன்னும் மேலே போனால், இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் நடுச்சுவரில் சிங்குலேட் மடிப்பும் அதே வெள்ளை. இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன. புறணி இப்படி இரண்டு பக்கமும் சமமாகப் பளிச்சிட்டால் முதலில் நினைவுக்கு வருவது பிராணவாயு கிடைக்காமல் அடிபட்ட மூளைதான். கை அதையே எழுதிவிட்டது.

அரை மணி நேரத்தில் ஐசியூவிலிருந்து போன். இளம் மருத்துவர், குரலில் தயக்கம். "சார், இவங்களுக்கு ஹார்ட் நிக்கவே இல்லையே. ஆக்சிஜன் ஒரு தடவைகூட இறங்கல. ரிப்போர்ட்ல ஹைப்பாக்சியான்னு போட்டிருக்கீங்க."

மறுபடி படத்தைத் திறந்தேன். இந்தத் தடவை வெள்ளையாக இல்லாத இடங்களைப் பார்த்தேன். மூளையின் பின்பக்கப் புறணி சுத்தமாக இருந்தது. கை கால்களை இயக்கும் மைய மடிப்பை ஒட்டிய புறணியும் அப்படியே இருந்தது. பிராணவாயு இல்லாமல் போன மூளை இந்த இரண்டு இடங்களுக்கு இப்படிச் சலுகை காட்டாது. சொல்லப்போனால் அவைதான் முதலில் அடி வாங்கும் இடங்களில் சேர்ந்தவை. "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டேன். வலிப்புக்காக வால்ப்ரோயேட், போன மாதம்தான் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். "அம்மோனியா பாத்தீங்களா?" "லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல் சார், அதனால அனுப்பல."

அனுப்பினார்கள். லிட்டருக்கு 280 மைக்ரோமோல். நல்ல உடம்பில் அதிகபட்சம் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு.

அன்றிலிருந்து இந்த அம்மோனியா விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் அம்மோனியா தெரியாது, தெரியவும் முடியாது. படத்தில் தெரிவதெல்லாம் அம்மோனியாவைச் சமாளிக்கப் போய் ஒரு செல் பட்ட பாடு. அந்தச் செல்லைப் புரிந்துகொண்டால் ஸ்கேனில் பாதி தானாகப் புரிந்துவிடும், புரியாவிட்டால் என்னைப்போல இடத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

முதலில் அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா செய்கின்றன, இது பலருக்குத் தெரியும். சிறுகுடலின் சுவரே குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை எரித்து அம்மோனியாவைக் கக்குகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. சிறுநீரகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் செய்யும், உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் இன்னும் அதிகமாகவே செய்யும். குடலில் உண்டானதெல்லாம் போர்ட்டல் சிரை என்ற இரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது, அங்கே யூரியாவாக மாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. அந்த யூரியாச் சுழற்சியை 1932-ல் கிரெப்ஸும் ஹென்சலைட்டும் கண்டுபிடித்தார்கள். கிரெப்ஸின் பெயரைத் தாங்கிய இன்னொரு சுழற்சிதான் பாடப்புத்தகத்தில் புகழ்பெற்றது, ஆனால் இதுதான் மூத்தது.

கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் நேரே உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பது அதற்கும் முன்பே தெரிந்துவிட்டது. 1877-ல் ரஷ்யாவில் நிக்கொலாய் எக் என்பவர் நாய்களுக்குப் போர்ட்டல் சிரையைப் பெருஞ்சிரையோடு நேரடியாக இணைத்துத் தைத்துக் காட்டினார். 1893-ல் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் அதே அறுவையைச் செய்து, அந்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் தள்ளாடின, குணம் மாறியது, வலிப்பு வந்தது, மயங்கி விழுந்தன. மணியோசைக்கு எச்சில் ஊறிய நாய்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கல்லீரல் கோமாவைப் புரியவைத்த இந்த நாய்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

சரி, மூளைக்கு வருவோம்.

இரத்தத்தில் இருக்கும் அம்மோனியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு, அம்மோனியம் என்ற அயனியாக இருக்கும். மிச்சம் இருக்கிற இத்தனூண்டுதான் வாயு. ஆனால் செல்லின் சவ்வைச் சுலபமாக ஊடுருவிப் போவது அந்த வாயுதான். அயனியும் சும்மா இருப்பதில்லை. அளவில் ஏறக்குறைய பொட்டாசியத்தை ஒத்திருப்பதால், பொட்டாசியத்துக்காக வைத்த வாசல்களில் ஆள் மாறாட்டம் செய்து நுழைந்துவிடும். இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்தால் வாயுப் பங்கு கூடும், மூளைக்குள் போவதும் கூடும். கல்லீரல் நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்தால் மருத்துவர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: சிறுநீரகத்தில் உற்பத்தியும் கூடுகிறது, இரத்தம் காரப் பக்கம் சாய்ந்து மூளையின் கதவும் திறந்துகொள்கிறது.

உள்ளே வந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்ற மூளையால் முடியாது, அந்தச் சுழற்சி அங்கே முழுமையாக இல்லை. இருப்பது ஒரே ஒரு வழி. குளூட்டமேட் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளூட்டமின் ஆக்குவது. அதைச் செய்யும் நொதி நியூரான்களில் இல்லை, ஆஸ்ட்ரோசைட்டுகளில்தான் இருக்கிறது என்று நோரன்பர்க்கும் மார்ட்டினெஸ்-ஹெர்னாண்டஸும் 1979-ல் காட்டினார்கள். ஆஸ்ட்ரோசைட் என்றால் நட்சத்திர வடிவச் செல். கால்களை நீட்டி இரத்தத் தந்துகிகளைத் தழுவிக்கொண்டிருக்கும், நியூரான்கள் சிந்துகிற குளூட்டமேட்டைத் துடைக்கும், பொட்டாசியத்தை ஒதுக்கும். எல்லாம் வீட்டு வேலை. யாரும் கவனிக்காத, ஒருநாள் நின்றால் மட்டும் வீடே நாறிப்போகிற வேலை.

அம்மோனியா கூடக்கூட இந்தச் செல் குளூட்டமினைச் செய்துகொண்டே போகிறது. குளூட்டமின் செல்லுக்குள் சேரச் சேர நீரும் கூடவே வருகிறது, ஊறுகிறது. இதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது: எலிகளில் அந்த நொதியை மருந்து கொடுத்து முடக்கிவிட்டால், அம்மோனியா அதே அளவு இருந்தும் மூளை வீங்குவதில்லை. அதாவது வீக்கத்துக்குத் தேவைப்படுவது அம்மோனியா மட்டும் இல்லை, அதை அப்புறப்படுத்தும் முயற்சியும்தான். 2006-ல் ஆல்பிரெஹ்டும் நோரன்பர்க்கும் இன்னொரு படி போய் 'டிரோஜன் குதிரை' என்று ஒரு கருத்தை வைத்தார்கள். குளூட்டமின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், அங்கே மறுபடி உடைந்து, அம்மோனியாவை உள்ளேயே அவிழ்த்துவிடுகிறது என்பது அதன் சாரம். பத்திரமாகப் பொட்டலம் கட்டி அனுப்பியது வீட்டின் அடுப்படியிலேயே பிரிந்து கொட்டிய கதை.

இங்கேதான் வேகம் முக்கியமாகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அம்மோனியா மெல்ல ஏறினால் ஆஸ்ட்ரோசைட் ஒரு சமாளிப்பு செய்கிறது: தன்னிடம் இருக்கும் மயோ-இனோசிட்டால், டாரின் போன்ற வேறு சரக்குகளை வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே குளூட்டமின் கூடினாலும் மொத்தக் கனம் பெரிதாக மாறுவதில்லை, நீரும் அவ்வளவாக வருவதில்லை. ஆனால் கல்லீரல் திடீரென்று செயலிழந்து நாலைந்து நாளில் அம்மோனியா ஏறினால் சரக்கைக் காலி செய்ய நேரமில்லை. செல் வீங்குகிறது. மண்டையோடு விரியாத பெட்டி. தீவிரக் கல்லீரல் செயலிழப்பில் தமனி இரத்த அம்மோனியா 150-ஐத் தாண்டினால் மூளை வீக்கத்துக்கு அஞ்ச ஆரம்பிக்கிறோம், 200-க்கு மேல் போனால் மூளைத்தண்டு கீழ்நோக்கிப் பிதுங்கிவிடும் பயம் உண்மையாகவே வந்துவிடுகிறது. அதே 200-ஐ வைத்துக்கொண்டு கொஞ்சம் மந்தமாக, ஆனால் நடமாடிக்கொண்டிருக்கும் நாள்பட்ட சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய்) நோயாளியையும் பார்க்கலாம். எண் ஒன்றுதான், ஏறிய வேகம் வேறு.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த இரண்டும் எப்படி வேறுபடும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு நோய்க்குறியியல் நண்பர். சிரோசிஸில் பல வருடம் அவதிப்பட்டு இறந்த ஒருவருடைய மூளைத் திசு. முதல் பார்வையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நியூரான்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதுதான் விஷயமே என்றார். அப்புறம் லென்ஸை மாற்றி, புறணியின் ஆழமான அடுக்கைக் காட்டினார். சில உட்கருக்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெருத்து, வெளிறி, நீர் கோத்துக்கொண்ட மாதிரி இருந்தன. வண்ணம் ஏறும் பொருளெல்லாம் உட்கருவின் விளிம்புக்கு ஒதுங்கிவிட, நடுவில் வெறுமை, அதில் ஒரு புள்ளி. சுற்றி செல்லின் உடம்பு என்று எதுவுமே தெரியவில்லை, உட்கரு அம்மணமாக நிற்கிறது. இரண்டு மூன்று அருகருகே ஜோடி ஜோடியாக. மூளையின் ஆழத்தில் இருக்கும் பாலிடஸ் பகுதியில் பார்த்தபோது அதே உட்கருக்கள் மடிந்து, கோணி, அவரை விதைபோல வளைந்திருந்தன. ஆஸ்ட்ரோசைட்டை அடையாளம் காட்டும் ஜிஎஃப்ஏபி சாயம் போட்டால் இவை சரியாக ஏற்பதுகூட இல்லை.

இதற்கு அல்சைமர் வகை இரண்டு ஆஸ்ட்ரோசைட் என்று பெயர். இந்தப் பெயரால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை ஒரு மகன், இறந்துபோன தன் தந்தையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், அப்பாவுக்கு லிவர்தானே கெட்டுப்போச்சு, அல்சைமரும் இருந்துச்சா? எனக்கும் வருமா?" என்று கேட்டார். ஆள் அதே அலாய்ஸ் அல்சைமர்தான், நோய் அது இல்லை. 1912-ல் ஃபான் ஹோஸ்லினும் அல்சைமரும் போலி ஸ்கிளிரோசிஸ் என்று அன்று சொல்லப்பட்ட ஒரு நோயில் இந்தச் செல்களை விவரித்தார்கள். அது உண்மையில் கல்லீரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும் வில்சன் நோய். வில்சன் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டதும் அதே 1912-ல்தான். இதை அந்த மகனுக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது, அவர் முகத்தில் கடைசிவரை முழு நம்பிக்கை வரவில்லை.

திடீரென்று வந்த நோயில் இந்த வகை இரண்டு செல்களைத் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிவது, தந்துகிகளைத் தழுவியிருக்கும் ஆஸ்ட்ரோசைட்டின் கால்கள் பலூன்போல உப்பிக் கிடப்பது. இரத்த-மூளைத் தடுப்பு பெரும்பாலும் உடையாமல்தான் இருக்கிறது. நீர் வெளியிலிருந்து கசிந்து வந்த நீராக இல்லாமல், செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்ட நீராக இருக்கிறது.

இனி ஸ்கேன் சுலபம். டிஃப்யூஷன் படம் என்பது நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தூரம் தாராளமாக அலைய முடிகிறது என்பதை அளப்பது. செல்களுக்கு வெளியே நீருக்கு இடம் இருக்கிறது, அலையும். செல்லுக்குள் சிக்கினால் சுவர்கள் தடுக்கும். தடுக்கப்பட்ட இடம் அந்தப் படத்தில் வெள்ளை, அதற்குத் துணையான ஏடிசி வரைபடத்தில் கறுப்பு. ஆக நான் அன்று இரவு பார்த்த சுண்ணாம்புக் கோடு, உப்பிப்போன செல்களின் கூட்டம். தீவிர அம்மோனியா நோயில் அது பெரும்பாலும் இன்சுலாவிலும் சிங்குலேட்டிலும் சமச்சீராக வரும், சில சமயம் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸும் சேரும், கடுமையானால் மற்ற புறணிக்கும் பரவும். பின்பக்கப் புறணியும் மைய மடிப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். சி.டி. இந்த ஆரம்பக் கட்டத்தில் பெரிய உதவி இல்லை. மடிப்புகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் மூடி, சாம்பல் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் அழியும்போது அதிலும் தெரியும், ஆனால் அப்போது நேரம் கடந்திருக்கும்.

குழம்புவதற்கு வாய்ப்பு நிறைய. சர்க்கரை அடியோடு இறங்கிய மூளை, நிற்காத வலிப்பில் இருந்த மூளை, ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சல், க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் எல்லாமே புறணியைப் பளிச்சிடச் செய்யும். ஹெர்ப்பிஸ் பொதுவாக ஒரு பக்கம் தூக்கலாக, பொட்டு மடலின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இரத்தக் கசிவோடு வரும். வலிப்பும் பெரும்பாலும் ஒருபக்கச் சாய்வுதான். ஆனால் இவற்றையெல்லாம் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. சமச்சீரான இன்சுலாவும் சிங்குலேட்டும் கண்ணில் பட்டால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "இரத்த அம்மோனியா பார்க்கவும்" என்று எழுதிவிட வேண்டும். நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நாள்பட்ட நோயின் படம் வேறு கதை, எனக்கு மிகவும் பிடித்த கதையும்கூட. சிரோசிஸ் நோயாளியின் எம்.ஆர்.ஐ.யில், டி1 என்ற சாதாரண வகைப் படத்தில் மூளையின் ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் இரண்டு பக்கமும் வெள்ளையாக மின்னும். லத்தீனில் அந்தப் பெயருக்கு வெளிறிய உருண்டை என்று பொருள், அதை வைத்தவர் இந்தப் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்வது இதைத்தான்: கல்லீரல் கோமா என்றால் பாலிடஸ் பளிச்சிடும். ஆனால் அது அம்மோனியாவும் இல்லை, குளூட்டமினும் இல்லை, நீரும் இல்லை. அது மாங்கனீசு.

மாங்கனீசு பித்தத்தின் வழியாக வெளியேற வேண்டிய உலோகம். கல்லீரல் கெட்டு, இரத்தம் சுற்றுவழியில் போனால் அது உடம்பில் தங்குகிறது, போய்ச் சேருமிடம் பாலிடஸ். இறந்த சிரோசிஸ் நோயாளிகளின் பாலிடஸை எடுத்து அளந்தபோது மாங்கனீசு பல மடங்கு கூடுதலாகவே இருந்தது. காந்தத் தன்மை கொண்டதால் டி1 படத்தில் ஒளிர்கிறது, சி.டி.யில் ஒன்றும் தெரியாது. நீண்ட நாள் இரத்தக்குழாய் வழியாகவே உணவு ஏற்றப்பட்டவர்களுக்கும், மாங்கனீசுப் புகையைச் சுவாசித்த வெல்டிங் தொழிலாளர்களுக்கும் இதே மினுமினுப்பு வரும், அவர்களுக்கு அம்மோனியாவில் ஒரு குறையும் இருக்காது. எனவே பாலிடஸ் எவ்வளவு வெள்ளை என்று பார்த்து நோயாளி எவ்வளவு குழம்பியிருக்கிறார் என்று சொல்ல முயன்றால் ஏமாந்துபோவோம். தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குப் பளிச்சென்று இருக்கும், உளறிக்கொண்டிருப்பவருக்கு மங்கலாக இருக்கும். இரத்தம் கல்லீரலைத் தவிர்த்துப் போகிறது என்பதற்கு அது சாட்சி, அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது. கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் அந்த ஒளி மெல்ல அணைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தி சாய்வதுபோல இருக்கும்.

குளூட்டமினையே நேரில் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி இருக்கிறது. அதே இயந்திரம், ஆனால் படத்துக்குப் பதில் மலைமுகடுகள் மாதிரி ஒரு வரைகோடு. குளூட்டமேட்டும் குளூட்டமினும் சேர்ந்த முகடு உயர்ந்திருக்கும், மயோ-இனோசிட்டாலின் முகடு தரைமட்டமாகியிருக்கும், கோலினும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். முன்னே சொன்ன சரக்கு மாற்றத்தின் கணக்குப் புத்தகம் இது: ஒரு பத்தியில் வரவு, மறு பத்தியில் செலவு. இந்த மூன்றும் சேர்ந்து வருவது நாள்பட்ட நோய்க்கே உரிய முத்திரை. மற்றபடி தினசரி வேலையில் இதை அடிக்கடி கேட்டு அனுப்புவதில்லை, கட்டிலில் உட்கார்ந்து நோயாளியைக் கையை நீட்டச் சொன்னாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொல்லுங்கள். சில நொடிகள் நன்றாக நிற்கும், பின் திடீரென்று கை கீழே விழும், உடனே மேலே எழும்பும், மறுபடி விழும், பறவை இறக்கை அடிப்பதுபோல. அது நடுக்கம் போலத் தெரிந்தாலும் நடுக்கம் கிடையாது. தசைக்கு வர வேண்டிய கட்டளை நொடியின் ஒரு சிறு பங்குக்கு அறுந்துபோகிறது, அவ்வளவுதான். ஆடம்ஸும் ஃபோலியும் 1949-ல் இதை விவரித்தார்கள், எந்த ஸ்கேனும் இல்லாமல்.

இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு புலம்பல் புலம்பியே ஆக வேண்டும். அம்மோனியாவுக்கு இரத்தம் எடுப்பது மற்ற பரிசோதனைகள் மாதிரி கிடையாது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொல்லி, எடுத்த குழாயை மேசைமேல் அரை மணி நேரம் வைத்துவிட்டால் போதும், குழாய்க்குள் இருக்கும் செல்களே அம்மோனியா செய்து அளவை ஏற்றிவிடும். பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். ஓடாததால் பொய்யாக ஏறிய எண்ணைத் துரத்திக்கொண்டு போய் நேரம் வீணான கதைகள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. சிரோசிஸில் எண்ணின் பயன் வேறு மாதிரி: உயர்ந்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது, ஆனால் குழம்பிக் கிடக்கும் நோயாளிக்கு அம்மோனியா சாதாரணமாக இருந்தால் அது நிறையச் சொல்கிறது. அப்போது தலையில் இரத்தக் கசிவு, தொற்று, மருந்து என்று வேறு காரணம் தேட வேண்டும்.

சிகிச்சையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை இன்னும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லாக்டுலோஸ் பெருங்குடலை அமிலமாக்கி அம்மோனியாவை அயனியாகச் சிறைபிடிப்பது, ரிஃபாக்சிமின் பாக்டீரியாவை அடக்குவது, அவசரத்தில் டயாலிசிஸ், இதெல்லாம் சரி. ஆனால் பாவ்லோவின் நாய்களை நினைத்துக்கொண்டு சிரோசிஸ் நோயாளியின் புரதத்தைப் பல பத்தாண்டுகளாக வெட்டிக்கொண்டே வந்தோம். கல்லீரல் கைவிட்டால் அம்மோனியாவைக் குளூட்டமினாக மாற்ற உடம்பில் மிச்சமிருக்கும் பெரிய இடம் தசை. புரதத்தைக் குறைத்தால் தசை கரையும், தசை கரைந்தால் அம்மோனியா ஏறும். இப்போது நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள். பிறவியிலேயே யூரியாச் சுழற்சி உடைந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களுக்குப் புரதக் கட்டுப்பாடு உயிர்க் கட்டுப்பாடு.

அந்தப் பிறவிக் குறைகளில் அதிகம் பார்ப்பது ஓடிசி குறைபாடு, ஓடிசி என்பது அந்தச் சுழற்சியின் ஒரு நொதி. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளுக்குத்தான் அடி பலம். பிறந்தபோது குழந்தை நன்றாக இருக்கும், கருவில் இருந்தவரை தாயின் கல்லீரல் பார்த்துக்கொண்டது. முதல் இரண்டு மூன்று நாளில் பால் குடிப்பதை நிறுத்தும், சோர்ந்து துவளும். மூச்சு வேகமாக வாங்கும், ஏனென்றால் அம்மோனியா மூச்சு மையத்தைத் தூண்டுகிறது. கிருமித் தொற்று என்று நினைத்துச் சிகிச்சை தொடங்குவார்கள், பெரும்பாலும் அதுதான் நியாயமான சந்தேகமும். அம்மோனியா ஆயிரத்தையும் தாண்டிப் போகும். எம்.ஆர்.ஐ.யில் இன்சுலாவோடு மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியாவும் மைய மடிப்பின் பள்ளங்களும் வெளுக்கும். பெரியவர்களுக்குத் தப்பிய மைய மடிப்பு இங்கே தப்புவதில்லை. பிழைத்தால் சில மாதங்களில் மூளை சுருங்கியிருக்கும், வெண்பொருளில் நீர்க்குமிழிகள் மாதிரி வெற்றிடங்கள் இருக்கும். 1984-ல் வந்த ஓர் ஆய்வு, குழந்தையின் பிற்கால அறிவுத்திறன் அம்மோனியா எவ்வளவு உச்சத்துக்குப் போனது என்பதோடு பொருந்தவில்லை, மயக்கம் எத்தனை நாள் நீடித்தது என்பதோடுதான் பொருந்தியது என்று காட்டியது. இதைப் படித்ததிலிருந்து, இரவு ஒரு மணிக்கு யாராவது போன் செய்து அவசரமாக ரிப்போர்ட் கேட்டால் நான் முனகுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட்டை நிறுத்தினார்கள். அது யூரியாச் சுழற்சியின் முதல் படியை மடக்கக்கூடியது, கல்லீரல் பரிசோதனை எல்லாம் நார்மலாக இருக்கும்போதே. கார்னிட்டின் கொடுத்தார்கள், டயாலிசிஸ் செய்தார்கள், நான்காம் நாள் கண் திறந்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் இன்சுலா கிட்டத்தட்டப் பழையபடி இருந்தது. சிங்குலேட் மட்டும் கொஞ்சம் மெலிந்து, அருகில் உள்ள பள்ளம் விரிந்திருந்தது. எண்களை நினைவில் வைப்பது முன்போல் வரவில்லை என்றார்.

வால்ப்ரோயேட் எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தூரம் போனது என்ற கேள்வி நரம்பியல் மருத்துவரை விடவில்லை. மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார், முடிவு வந்த அன்று பழைய படங்களை விளக்க என்னையும் கூப்பிட்டார். ஓடிசி குறையை ஒரு எக்ஸில் சுமந்துகொண்டிருப்பவர். பெண்களுக்கு மற்ற எக்ஸ் பாதி வேலையைப் பார்த்துக்கொள்வதால் பல வருடம் ஒன்றும் தெரியாமலே போகலாம். சின்ன வயதிலிருந்தே புரதம் அதிகமான சாப்பாடு பிடிக்காது, சாப்பிட்டால் தலை வலிக்கும், வீட்டில் அதைப் பிடிவாதம் என்று திட்டுவார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். குழந்தைகள்?

"ஒரு பொண்ணு இருக்கா டாக்டர். அதுக்கு முன்னாடி ஒரு பையன். மூணாம் நாளே போயிட்டான். நல்லாத்தான் பொறந்தான், திடீர்னு பால் குடிக்கல, மூச்சு மட்டும் வேகமா வாங்கிட்டே இருந்தான். கிருமின்னு சொன்னாங்க."

மருத்துவர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மகளுக்கு என்ன வயது என்று நான்தான் கேட்டேன்.